அழுத்தாத காபி

...இல்லை, தளதளவென்று கொதிக்கும்போது ஊற்றவே கூடாது, கொதித்து, அடங்கி, கெட்டிலின் வாயில் ஆவி சோம்பேறித்தனமாக நெளிகிற நேரம் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும், முந்தினால் கசக்கும், ரொம்பப் பிந்தினால் புளிக்கும், சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆள் இப்போது வெந்நீருக்கு இலக்கணம் சொல்கிறேன் பாருங்கள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது, என் மனைவி இப்போதுதான் உள்ளே போனாள், ஞாயிற்றுக்கிழமை என்றால் அவசரப்படாமல் குளிப்பாள், எனக்கு நேரம் இருக்கிறது, அவள் வெளியே வருவதற்குள் காபி கோப்பையில் இருக்க வேண்டும், கோப்பை மேஜைமேல் இருக்க வேண்டும், நான் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரமாக நிற்க வேண்டும், சும்மா தெருவை வேடிக்கை பார்க்கிற மாதிரி. கொட்டையை அரைத்தாயிற்று, கையால் சுற்றுகிற சின்ன மெஷின், சுற்றும்போது எவன் கையும் ஆடத்தான் செய்யும், அதனாலேயே எனக்கு அந்த மெஷினை ரொம்பப் பிடிக்கும். கல் உப்பு பருமனுக்கு அரைக்க வேண்டும், மாவாகிவிட்டால் சல்லடைக்குள் புகுந்து கோப்பைக்கு வந்துவிடும், "காபில என்னங்க மண்ணு கடிபடுது?" என்று அவள் கேட்ட நாளில் ஆரம்பித்தது இந்த ஆராய்ச்சியெல்லாம். சாதாரணமாகத்தான் கேட்டாள், நாக்கு நுனியிலிருந்து ஒரு துகளை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாளா, எனக்குப் பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்தாளா... அதைத்தான் இன்றுவரை முடிவுகட்ட முடியவில்லை.

தூள் மேல் குற்றமில்லை, அது எனக்கு அன்றைக்கே தெரியும். இந்தக் காபி பிரஸ்ஸில் வேலை என்ன, கண்ணாடிக் குடுவையில் தூளையும் வெந்நீரையும் போட்டு ஊறவைத்து, மூடியோடு இருக்கிற தண்டை மேலிருந்து ஒரே சீராக அழுத்தினால் சல்லடை இறங்கித் தூளை அடியில் அமுக்கிவிடும், மேலே தெளிந்த காபி, அவ்வளவுதான், குழந்தைகூடச் செய்யும், சீராக அழுத்தத் தெரிந்த குழந்தை. எனக்கு அந்தச் சீர் போய்விட்டது. கை நடுங்குகிறது. வலது கை. சும்மா மடியில் கிடக்கும்போது சமர்த்தாக இருக்கும், ஒரு பொருளைப் பிடித்து அந்தரத்தில் நிறுத்தினால் போதும், உள்ளே யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி ஆரம்பித்துவிடும், தண்டு சாயும், சல்லடை ஒரு பக்கம் தூக்கும், அந்த இடுக்கு வழியாகத் தூள் மேலே பொங்கி வரும், அதுதான் அவள் நாக்கில் பட்ட மண். போன மாதம் ஒருநாள் பாதி இறங்கும்போது கை வெட்டி இழுத்தது, காபி குபுக்கென்று மூடியைத் தாண்டி அடுப்பு மேடையெல்லாம் வழிந்தது, கண்ணாடியில் விரிசல் வேறு, "சூடு தாங்கலை, மட்டமான கண்ணாடி" என்று பழியைக் கண்ணாடி மேல் போட்டுப் புதுசு வாங்கி வந்தேன், புதுசு வாங்கும்போது கடைக்காரன் தாங்குமா தாங்காதா என்று தட்டிக் காட்டினான், நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன். பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் சின்ன வயதிலேயே பழகியிருப்பேன்.

ஆவி நெளிய ஆரம்பித்துவிட்டது, இப்போது ஊற்றலாம்... கெட்டிலை வலது கையில் பிடித்து இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி அடங்கும், ஆமாம், இப்படித்தான், தன் கையைத் தானே கைது செய்த போலீஸ்காரன் மாதிரி நிற்கிறேன், யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். தூள் உப்பி மேலே வருகிறது, நல்ல வாசனை, புதுக் கொட்டை, நேற்றுச் சாயந்தரம்தான் தேடிப் போய் வாங்கினேன், ரொம்பக் கருக வறுத்ததா, இளம் வறுவலா என்று அங்கே அரைமணி நேரம் நின்றேன். காபிதான் காரணம் என்று நம்பிய ஒரு காலம் இருந்தது, காபி குடித்தால் நடுக்கம் கூடும் என்று எங்கோ படித்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், அடச்சே இவ்வளவுதானா என்று, ஒரு வாரம் அவளுக்குத் தெரியாமல் என் கோப்பையைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தேன், தலைவலி வந்தது, கோபம் வந்தது, கடையில் வாடிக்கையாளரிடம் எரிந்து விழுந்தேன், கை மட்டும் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. பிறகு தூக்கக் குறைவு என்றேன், பிறகு வயசு என்றேன், வயசு என்ன பெரிய வயசு, என்னைவிட மூத்தவர்கள் ஊசியில் நூல் கோக்கிறார்கள். ஒவ்வொரு சமாதானமும் கொஞ்சநாள் தாங்கும், அப்புறம் விரிசல்.

மூடியை வைக்கக் கூடாது, நாலு நிமிஷம் அப்படியே விட வேண்டும். இந்த நாலு நிமிஷம்தான் கொடுமை, செய்ய ஒன்றுமில்லாமல் நிற்பது. மேஜையைத் துடைக்கலாம், துடைத்தாயிற்று. பாலைச் சூடாக்கலாம், ஆக்கியாயிற்று. கடைச் சாவி ஆணியில் தொங்குகிறது, இன்று கூட்டம் இருக்கும், ஞாயிறு இல்லையா, எங்கள் கடையில் இரண்டே நாற்காலி, ஒன்று எனக்கு, ஒன்று இவள் தம்பிக்கு, என் மச்சானுக்கு, அவனை ரேடியோ என்றுதான் தெருவே கூப்பிடும், கடை திறந்ததிலிருந்து பூட்டுகிறவரை வாய் ஓயாது, அவனிடம் முடி வெட்ட வருகிறவர்களில் பாதிப் பேர் பேச்சுக்காகவே வருகிறார்கள். என்னிடம் வருகிறவர்கள் கத்திக்காக வருகிறார்கள். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, நெற்றி ஓரத்திலும் காதுக்குக் கீழேயும் தொண்டை எலும்பு மேலும் என் கத்தி போன சுவடே தெரியாது, ஒருவர் என் நாற்காலியிலேயே குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறார், கழுத்தில் கத்தி இருக்கும்போது தூங்குகிறார் என்றால் அது என்ன நம்பிக்கை, அந்த நம்பிக்கையில்தானே நான் சாப்பிடுகிறேன். கத்தி போனால் நான் யார், ரேடியோவுக்குப் பக்கத்தில் துண்டு மடிக்கிறவன்... சரி, மெஷின் கட்டிங் மட்டும் பண்ணு, சீப்பு இருக்கிறது, இடையில் சீப்பு இருந்தால் பயமில்லை, அதையும் யோசித்தாயிற்று, ஷேவிங்குக்கு ரேடியோவிடம் போங்கள் என்று சொல்லலாம், ஏன் என்று கேட்பார்களே, நாலு பேர் கேட்டால் நாற்பது பேருக்குத் தெரியும், அப்புறம் சீப்பு வைத்தாலும் எவன் தலையைக் கொடுப்பான்?

இன்று முதல் ஆள் கணக்கு வாத்தியார். விடிந்ததிலிருந்து அதே நினைப்புதான். ரிட்டயர் ஆகி வருஷக்கணக்காகிறது, இன்னும் எல்லாருக்கும் அவர் கணக்கு வாத்தியார்தான், ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கிறபோது வாசலில் நிற்பார், கழுத்துத் தோல் தளர்ந்துபோய் மடிப்பு மடிப்பாக இருக்கும், இடது கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் கத்தி வைக்க வேண்டும், அவர் கண்ணை மூடிக்கொண்டு, "நீ பாட்டுக்குப் பண்ணுப்பா" என்பார். போன வாரம் காதுக்குக் கீழே வெட்டிவிட்டேன். சின்ன வெட்டு, நகத்தளவுகூட இல்லை, வேறு யாராக இருந்தாலும் படிகாரக் கல்லைத் தேய்த்தால் நின்றிருக்கும், அவருக்கு நிற்கவில்லை, துண்டு நனைந்தது, இன்னொரு துண்டு நனைந்தது, அவர் இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை சாப்பிடுகிறவர், அது எனக்குத் தெரியும், என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள், மாதாமாதம் அவருக்கு இவள்தான் ஊசி குத்துகிறாள், "வாத்தியாருக்கு லேசுல ரத்தம் நிக்காது, பாத்து பண்ணுங்க" என்று எப்போதோ சொல்லிவைத்திருக்கிறாள். நான் பிளேடு சரியில்லை என்றேன், வாத்தியாரே என்னைச் சமாதானப்படுத்தினார், "பரவால்லப்பா, உடம்புல ரத்தம் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டோம்ல" என்று சிரித்தார். ரேடியோ சிரிக்கவில்லை. அவன் பேச்சை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவன் பேச்சை நிறுத்தி நான் பார்த்தது அன்றுதான். காதுக்குக் கீழே என்பதால் பிழைத்தோம், இன்னும் கொஞ்சம் கீழே தள்ளி, அந்த நரம்பு துடிக்கிற இடத்தில்... வேண்டாம், நினைக்காதே.

நேரமாகிவிட்டது, மேலே கட்டியிருக்கிற ஏட்டைக் கரண்டியால் உடைக்க வேண்டும், மெதுவாக, ஒரு கிண்டு, அதற்குமேல் கலக்கினால் கலங்கிவிடும். கரண்டி கண்ணாடியில் பட்டு டிங் டிங் டிங் என்று அடிக்கிறது, பள்ளிக்கூட மணி தோற்றது, குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டதே, கேட்டிருப்பாளா, கேட்டால்தான் என்ன, காபி கலக்குகிற சத்தம். நுரையை வழித்து எடுத்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் தூள் தானாக அடியில் போய் உட்கார்ந்துவிடும், பிறகு சல்லடையைக் காபியின் மேல்மட்டத்தில் தொட்டும் தொடாமல் வைத்தால் போதும், அழுத்தவே வேண்டாம். அழுத்தவே வேண்டாம்! இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை, போனில் ஒருத்தர் வீடியோவில் செய்து காட்டினார், பிரஸ் காபி நன்றாக வர வேண்டுமென்றால் பிரஸ் பண்ணாதீர்கள் என்று, யாரோ எனக்காகவே உட்கார்ந்து யோசித்துச் சொன்ன மாதிரி இருந்தது. செய்து கொடுத்தேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "அட, இன்னிக்கு என்ன பண்ணீங்க?" என்றாள். மண் இல்லை, கசப்பில்லை, எங்கள் வீட்டில் அதுவரை அப்படி ஒரு காபியை யாரும் குடித்ததில்லை. "பொறுமைதான் ரகசியம்" என்றேன், வாய் கூசாமல். அவள் சிரித்தாள், அந்தச் சிரிப்புக்காக நான் தினமும் இந்தக் கூத்தை ஆடுகிறேன், கை நடுங்குவதை ஒளிக்க ஆரம்பித்த வேலையில் உண்மையாகவே கெட்டிக்காரனாகிவிட்டேன், இதில் அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

ஆனால் கத்திக்கு அப்படி ஒரு வழி இல்லையே, வைக்காமல் மழிப்பதற்கு யாரும் வீடியோ போடவில்லை. அவளிடம் சொல்லிவிட்டால்... சொன்னால் டாக்டர் என்பாள், டாக்டர் ஒரு பெயர் சொல்வார், பெயர் வந்துவிட்டால் அப்புறம் அது போகாது, இப்போது பெயரில்லாமல் இருக்கிறது, பெயரில்லாத விருந்தாளி வந்த மாதிரியே போய்விடலாம் இல்லையா? பயம்தான், வேறென்ன, வெட்கமும் இருக்கிறது, அவள் காலையிலிருந்து மாலைவரை கைகளையே பார்க்கிறவள், எந்தக் கையில் நரம்பு எங்கே ஓடுகிறது என்று தொட்டுச் சொல்வாள், அழுகிற குழந்தையின் கையில்கூட ஒரே குத்தில் எடுத்துவிடுவாள், அவள் கை கல் மாதிரி நிற்கும், அந்தக் கைக்கு முன்னால் இந்தக் கையை எப்படி நீட்டுவது... தாழ்ப்பாள் சத்தம். வந்துவிட்டாள். ஊற்று, ஊற்று, குடுவையின் மூக்கைக் கோப்பையின் விளிம்பில் தாங்க வைத்தால் ஆட்டம் தெரியாது, ஒன்று நிரம்பியது, இன்னொன்று, கொஞ்சம் தட்டில் சிந்திவிட்டது, சிந்தட்டும், சட்டை நுனியால் துடைத்துவிட்டேன், ஜன்னலுக்குப் போ, கையைக் கட்டு.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள், "புதுக் கொட்டையா? வாசனை தூக்குது" என்றாள், நான் தெருவைப் பார்த்தபடி ம் என்றேன், மனசுக்குள் ஜெயித்துவிட்டேன் என்று ஒரு குதி குதித்தேன், இன்றைய காலைப் பொழுது தப்பியது, இனி கடைதான், கடையைக் கடையில் பார்த்துக்கொள்ளலாம். அவள் துண்டை அவிழ்த்து முன்பக்கமாகக் குனிந்து தலையைத் துவட்டினாள், துவட்டி நிமிர்ந்து முடியைப் பின்னால் தள்ளினாள். முடி முதுகுக்குப் போகவில்லை. தோளோடு நின்றுவிட்டது. நேற்று ராத்திரியெல்லாம் கொண்டை போட்டிருந்தாள், கண்ணில் படவில்லை, எனக்கு முதலில் புரியவேயில்லை, ஈரத்தில் சுருண்டிருக்கிறது என்று நினைத்தேன், ஆனால் கண் என் கண் இல்லையா, அது தொழிலைப் பார்த்துவிட்டது, ஓரம் புதிதாக வெட்டியது, கோடு நேராக வந்து வலது பக்கம் ஒரு நூல் கீழே இறங்குகிறது, இடது கைக்காரன் வெட்டினால்தான் அப்படி இறங்கும், எங்கள் கடையில் இடது கைக்காரன் ஒருத்தன்தான். கல்யாணமான புதிதில் கண்ணாடி முன்னால் முக்காலி போட்டு இவள் முடியை ஓரம் வெட்டிவிட்டேன், அன்றிலிருந்து இவள் தலையில் வேறொருவர் கத்தரி பட்டதில்லை, சொந்தத் தம்பிக்கே கொடுத்ததில்லை, "உன் வாயை மூடு, அப்புறம் யோசிக்கிறேன்" என்பாள் அவனிடம்.

"எப்ப வெட்டின?" என்று கேட்டேன். "நேத்து. நீங்க காபிக்கொட்டை வாங்கப் போனீங்கல்ல, அப்போ கடைக்கு வந்தேன்." காபியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இளம் வறுவலா, கருகிய வறுவலா என்று நான் நின்ற அந்த அரைமணி நேரத்தில்... என் நாற்காலியிலா உட்கார்ந்தாள், அவன் நாற்காலியிலா? "என்கிட்ட சொல்லியிருந்தா நானே வெட்டியிருப்பேனே" என்றேன், குரல் எனக்கே சண்டைக்குப் போவது போல இருந்தது. அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "வாத்தியாரை இன்னிக்குத் தம்பி பாத்துக்கட்டும்னு சொல்லியிருக்கேன். நாளைக்கு எனக்கு லீவு. டாக்டர்கிட்டப் போலாம், என்னங்க?" கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை, ஊசி குத்துகிறதுக்கு முன்னால் பேசுகிற குரல். ஆக அக்காவும் தம்பியும் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள், வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் நான் ஒருத்தன்தான் முட்டாள், எத்தனை நாளாகத் தெரியும், அந்த மண்ணை விரலில் வைத்துப் பார்த்த அன்றே தெரியுமா, தெரிந்துகொண்டேதான் தினமும் அட என்ன காபி என்று சிரித்தாளா? எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது, யாரைக் கேட்டு முடிவு பண்ணினாய், என் வாடிக்கை அவர், என் கையைப் பற்றி எனக்குத் தெரியாதா, கட்டின புருஷனிடம் தலையைக் கொடுக்கப் பயப்படுகிறவளுக்கு...

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன், கோபம் வந்தால் தாடையைத் தேய்க்கிற பழக்கம், கை தானாகப் போய்த் தேய்த்தது, உள்ளங்கையில் தாடி உரசியது. தாடி. அடர்ந்து, தொண்டைவரை இறங்கி, ரேடியோ மெஷினால் ஓரம் மட்டும் ஒதுக்கிவிடுகிற தாடி. கடையில் எல்லாரும் கேட்டார்கள், வழுவழுவென்று மழித்துக்கொண்டு நிற்கிற ஆளாச்சே, என்ன திடீரென்று என்று, இப்போது இதுதான் ஸ்டைல், நம்ம கடைக்கு நாமளே விளம்பரம் என்றேன், வாத்தியார்கூட என் நாற்காலியில் சாய்ந்தபடி, "உனக்கு நல்லாதான் இருக்கு" என்றார். அது ஸ்டைலா? ஒருநாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று, முகமெல்லாம் நுரை தடவி, கத்தியைத் திறந்து கழுத்துக்குக் கொண்டுபோனேன், அப்புறம் மூடிவைத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன், மறுநாளும் எடுக்கவில்லை, அதற்கு மறுநாளும், ஏன் என்று என்னை நானே கேட்டதுகூட இல்லை. அவள் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், மனசு அந்தக் காலை எந்தக் காலை என்று தேடுகிறது, அது வாத்தியாருக்கு ரத்தம் வந்ததற்குப் பிறகுதானே, பிறகாகத்தானே இருக்கும்... இல்லை, அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னபோது அவர் கழுத்தில் என் கத்தி இருந்தது, காதுக்குக் கீழே காயம் இல்லை, தோல் சுத்தமாக இருந்தது. முன்னால்தான். ரொம்ப முன்னால்.